முள்ளை நம்பி முள்ளோடை வரை: பைக்கில் பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

கடலூரில் பைக் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "முள்ளோடை வரைக்கும் தாங்கும்பா." தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டி, புதுச்சேரி எல்லையில் வரும் இடம் முள்ளோடை. புதுச்சேரியில் பெட்ரோல் மீதான வரி குறைவு என்பதால் அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாகும். அதனால் மஞ்சக்குப்பத்தில் வழியெல்லாம் பங்க் இருந்தாலும் நிறுத்தாமல், பெட்ரோல் மீட்டரின் முள், காலி என்று பொருள்படும் E-க்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடியே எல்லையை நோக்கிப் போகிறோம். பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். மீதிப்பேரைத்தான் காலையில் பாலத்தின் ஓரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு பார்க்கிறோம்.

நானும் அப்படித் தள்ளியவன்தான். கண் பரிசோதனைக்காக அம்மாவை ஜிப்மருக்கு அழைத்துப் போன நாள் அது. வரிசையில் முன்னால் நிற்க வேண்டுமென்று விடிகாலை நாலரைக்கே கிளம்பிவிட்டோம். பாலத்தின் நடுவில் வண்டி இரண்டு முறை இருமியது. ரிசர்வுக்கு வந்துவிட்டது என்று நினைத்து, வண்டி உருளும்போதே இடது கையை டேங்க்குக்குக் கீழே விட்டு டேப்பைத் திருப்பப் பார்த்தேன். திருப்ப இடமே இல்லை. டேப் ஏற்கெனவே ரிசர்வில்தான் இருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ தெரியாது. அம்மா இறங்கி, மருத்துவச் சீட்டுகள் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் நின்றார். லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது பாலம் அதிர்ந்தது. "இன்னும் எவ்ளோ தூரம்டா தள்ளணும்?" என்று மட்டும் கேட்டார். அன்று நேரம் தப்பிவிட்டது. இன்னொரு நாள் மறுபடி போக வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து புரிந்துகொண்டேன். இதில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அசட்டையால் வருபவை அல்ல. டேங்க்குக்குள் என்ன நடக்கிறது என்று நமக்கு யாரும் காட்டாததால் வருபவை.

ரிசர்வ் தனி டேங்க் அல்ல

முதுநகரில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒரு நாள் பெட்ரோல் டேப்பைக் கழற்றிக் கையில் கொடுத்தார். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குழாய் மேல்நோக்கி நின்றது. அதன் அடியில், டேப்போடு ஒட்டி, இன்னொரு ஓட்டை. சுற்றிலும் மெல்லிய வலை. "இதுதான் தம்பி ரிசர்வு. தனியா ஒரு டேங்க் இருக்குன்னு நெனச்சியா?" என்றார். உண்மையில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

விஷயம் மிக எளிது. டேப் 'ஆன்' நிலையில் இருக்கும்போது பெட்ரோல் அந்த உயரமான குழாயின் வாய் வழியாகத்தான் இறங்கும். பெட்ரோல் மட்டம் குழாயின் வாய்க்குக் கீழே போனதும் வண்டி இருமும். டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினால் அடியில் உள்ள ஓட்டை திறக்கும். மீதிப் பெட்ரோல் அதன் வழியாக வரும். டேங்க் ஒன்றுதான், பெட்ரோலும் ஒன்றுதான். பல 100 சிசி வண்டிகளில் இந்த மிச்சம் ஒரு லிட்டர் அளவில் இருக்கும். சில வண்டிகளில் அதற்கு மேலும் உண்டு. உங்கள் வண்டியின் கையேட்டில் எவ்வளவு என்று போட்டிருக்கும்.

இது புரிந்துவிட்டால் முதல் தவறு எது என்று தானாகத் தெரிந்துவிடும். ரிசர்வில் ஓட்டிக்கொண்டே பங்க்குக்குப் போகிறோம், பெட்ரோல் போடுகிறோம், மூடியைப் பூட்டுகிறோம், கிளம்புகிறோம். டேப்பை மறுபடி 'ஆன்' நிலைக்குத் திருப்புவதில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடும், எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அடுத்த முறை, மிச்சம் இருக்கும்போதே வரும் இருமல் வராது. உயரமான குழாய் தரும் அந்த ஒரே எச்சரிக்கையை நாமே அணைத்து வைத்துவிட்டோம். கடைசிச் சொட்டு வரை ஓடி, எங்கே தீர்கிறதோ அங்கே நிற்கும். பாலத்தின் நடுவில் எனக்கு நடந்தது இதுதான். இப்போது பங்க்கில் மூடியைப் பூட்டியதும் என் கை தானாக டேப்புக்குப் போகிறது. சாவி, மூடி, டேப்: இந்த மூன்றும் முடியாமல் ஸ்டார்ட் செய்வதில்லை.

டேப்பைத் திருப்புவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். இருமல் வந்ததும் பதறி, குனிந்து டேப்பைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் நிறைய. முன்னால் போகும் பஸ் பிரேக் போட்டால் அவ்வளவுதான். வீட்டு வாசலில் வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் பத்து முறை திருப்பிப் பழகுங்கள். எந்தப் பக்கம் திரும்பினால் ரிசர்வ் என்பது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வண்டி முழுதாக நின்றுபோன பிறகு திருப்பினால், உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். கார்புரேட்டரின் கிண்ணம் காலியாகியிருக்கும். அது நிரம்பச் சில நொடிகள் பொறுங்கள். அதுவரை அடிக்கிற செல்ஃபெல்லாம் பேட்டரிக்குத்தான் நஷ்டம்.

சரி, புது வண்டிகளில் டேப்பே இல்லையே என்பீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் டேங்க்குக்குள்ளேயே ஒரு மின்பம்ப் மூழ்கிக் கிடக்கும். ரிசர்வுக்குத் திருப்பும் டேப் கிடையாது. கடைசிக் கோடு சிமிட்டுவதோ, மஞ்சள் விளக்கு எரிவதோதான் எச்சரிக்கை. பழைய வண்டி இருமி, முரண்டு பிடித்து, நமக்கு இரண்டு வாய்ப்பாவது தரும். புது வண்டி ஓரிரு குலுக்கலோடு நின்றுவிடும். இன்னொன்று, அந்த பம்ப்பைச் சூடேறாமல் காப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். விளக்கு எரிந்த பிறகும் தினமும் இழுத்து இழுத்து ஓட்டினால் பம்ப் சூடாகும், அடியில் படிந்த கசடையும் உறிஞ்சும். பம்ப் மாற்றுகிற செலவோடு ஒப்பிட்டால் எல்லை தாண்டி மிச்சம் பிடித்த ரூபாய் எந்த மூலைக்கு?

ஒருவேளை இன்ஜெக்‌ஷன் வண்டி முழுதும் தீர்ந்து நின்று, பெட்ரோல் ஊற்றிய பிறகும் கிளம்பவில்லையென்றால் பயப்பட வேண்டாம். சாவியை ஆன் செய்தால் டேங்க்குக்குள் மெல்லிய "ஊய்ங்" சத்தம் இரண்டு மூன்று நொடி கேட்கும். சத்தம் நின்றதும் அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். இப்படி மூன்று நாலு முறை செய்தால் குழாயில் பெட்ரோல் ஏறிவிடும். அப்புறம் ஸ்டார்ட் செய்யலாம்.

முள் எதைக் காட்டுகிறது

மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் ஒரு பந்து மிதக்கும் இல்லையா, பெட்ரோல் டேங்க்குக்குள்ளும் அப்படி ஒரு மிதவைதான் இருக்கிறது. ஒரு கம்பியின் நுனியில் அது மேலும் கீழும் போகும். கம்பியின் மறுமுனை மின்தடையை மாற்றும், அதற்கேற்ப முள் நகரும். ஆக, முள் காட்டுவது டேங்க்கின் ஏதோ ஒரு இடத்தில் மிதவை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை. லிட்டரை அல்ல.

டேங்க் சதுரப்பெட்டியாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். பைக்கின் டேங்க் அப்படி இல்லை. கழுதை முதுகில் பொதிமூட்டை இரு பக்கமும் தொங்குவது போல, வண்டியின் நடுக்கம்பிக்கு இரு பக்கமும் தொங்குகிற வடிவம் அது. மேலே அகலம், கீழே போகப்போக இரண்டு குறுகிய பள்ளங்கள். மேலே ஒரு விரல் உயரம் குறைவதற்குள் வண்டி வெகுதூரம் போய்விடும். கீழே அதே ஒரு விரல் சீக்கிரம் காலியாகிவிடும். போதாததற்கு, மிதவையின் கம்பி டேங்க்கின் உச்சி வரை எட்டாது. அதனால் ஃபுல் டேங்க் போட்டபின் வெகுநேரம் முள் F-ஐ விட்டு அசையாது. "பரவாயில்லையே, வண்டி நல்ல மைலேஜ் தருது" என்று நாம் சந்தோஷப்படுவது அப்போதுதான். பாதிக்குக் கீழே வந்ததும் மளமளவென்று இறங்கும். முதல் பாதி 250 கிலோமீட்டர் ஓடியது, இரண்டாம் பாதியும் 250 ஓடும் என்று எடுத்துக்கொள்வது பலரைத் தள்ளவைத்த கணக்கு.

கோடு கோடாகக் காட்டும் டிஜிட்டல் மீட்டரில் வேறு சிக்கல். 5.3 லிட்டர் பிடிக்கும் ஸ்கூட்டரில் ஆறு கோடு என்று வையுங்கள். சராசரியாகக் கோட்டுக்கு 0.9 லிட்டர். இரண்டாவது கோடு இப்போதுதான் தொடங்கியிருக்கலாம், இல்லை அடுத்த தெருவில் அணையப் போகலாம். இரண்டுக்கும் மீட்டரில் ஒரே படம்தான். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றால் அந்தப் படத்துக்குள் 40 கிலோமீட்டர் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி போய், திரும்பி வரும் வழியில் பெரும்பகுதி அது.

எந்த நிலையில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்திருக்கும், பெட்ரோலும் அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும். மிதவை இருக்கும் பக்கத்தைப் பொறுத்து முள் கூடவோ குறையவோ காட்டும். காலையில் சாவி போட்டு, சைடு ஸ்டாண்டிலேயே ஒரு பார்வை பார்த்துவிட்டு "போதும்" என்று கிளம்புவது வேண்டாம். மேம்பாலம் ஏறும்போதும் பிரேக் போடும்போதும் பார்ப்பதும் அப்படித்தான். பெட்ரோலின் அலைச்சலுக்கெல்லாம் முள் ஆடக்கூடாது என்பதற்காகப் பல மீட்டர்கள் மெதுவாக நகரும்படி செய்யப்பட்டவை. அதனால் சமமான தரையில் வண்டியை நிமிர்த்தி, சாவி போட்டு, ஒரு நிமிடம் பொறுத்து வரும் அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

E என்ற எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மிதவைக்குக் கீழேயும் ஒரு எல்லை உண்டு. கம்பி அடியில் முட்டி நின்றபின்னும் டேங்க்கில் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும். அதனால்தான் E-யில் வண்டி ஓடுகிறது. ஓடுவதைப் பார்த்துப் பார்த்து நமக்குத் தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் E-க்குப் பிறகு மீட்டருக்கும் டேங்க்குக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்றுதான் அர்த்தம். முக்கால் லிட்டரா, கால் லிட்டரா, காட்ட அதற்கு வழி இல்லை. நூறு ரூபாய்க்குப் போட்டபின்னும் முள் அசையவில்லை என்று பங்க் ஊழியரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த ஒரு லிட்டர் மிதவையைத் தூக்கும் உயரத்துக்கு வந்திருக்காது.

மூடியைத் திறந்து பார்ப்பது

முள் வேலை செய்யாத பழைய வண்டிக்காரர்கள் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். தவறில்லை, பார்க்கத் தெரிந்தால். மூடிக்கு நேர்கீழே பல வண்டிகளில் நடுக்கம்பியின் மேடு இருக்கும். அந்த மேடு காய்ந்து தகரம் தெரிந்தாலும் இரு பக்கமும் பெட்ரோல் இருக்கலாம். மாறாக, அடியில் பளபளவென்று தெரிவதை வைத்து நிறைய இருக்கிறது என்றும் நினைக்கக்கூடாது. பரந்து, ஆழமில்லாமல் கிடக்கலாம். வண்டியை ஆட்டி "களக் களக்" சத்தம் கேட்பதும் இதே கதை. இருக்கிறது என்று சத்தம் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. குச்சி விட்டுப் பார்ப்பதென்றால் காய்ந்த, சுத்தமான, பிசிறில்லாத குச்சியாக இருக்கட்டும். துடைப்பத்தின் ஈர்க்குச்சி ஒடிந்து உள்ளே விழுந்தால் டேப்பின் வலையில் போய் அடைக்கும்.

இருட்டில் லைட்டரோ தீக்குச்சியோ கொளுத்தி டேங்க்குக்குள் பார்ப்பது மட்டும் யாரும், எந்த அவசரத்திலும் செய்யக்கூடாதது. எரிவது பெட்ரோலின் ஆவி. பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழே குளிர்ந்திருந்தால்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு அது ஆவியாகும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மூடியைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் டேங்க்கின் மேல் வழிந்து சூடான இன்ஜின் பக்கம் இறங்கும். கைபேசி டார்ச்சை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், போதும்.

ஒரு பழைய உத்தி இன்றும் பலிக்கும். டேப் பெரும்பாலும் இடப்பக்கப் பள்ளத்தில் இருக்கும். ரிசர்வும் தீர்ந்து நின்றுவிட்டால், வலப்பக்கப் பள்ளத்தில் மேட்டைத் தாண்ட முடியாமல் கொஞ்சம் பெட்ரோல் தேங்கிக் கிடக்கும். வண்டியை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்துச் சில நொடி பிடித்தால் அது இந்தப் பக்கம் வந்துவிடும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைக்கலாம். பங்க் கண்ணில் தெரியும் தூரத்தில் இருக்கும்போது உதவும். அதற்கு மேல் இதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நம்பத்தக்க கணக்கு கிலோமீட்டரில்தான்

என் அனுபவத்தில், பெட்ரோல் மிச்சத்தைச் சொல்வதில் முள்ளைவிட ஒழுங்கானது, பூஜ்யத்திலிருந்து ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் ட்ரிப் மீட்டர். ஃபுல் டேங்க் போட்டதும் அதைப் பூஜ்யமாக்குங்கள். ட்ரிப் மீட்டர் இல்லாத வண்டி என்றால், மொத்தக் கிலோமீட்டரைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். டேப் உள்ள வண்டியில் எந்தக் கிலோமீட்டரில் முதல் இருமல் வருகிறது என்று மூன்று நாலு முறை எழுதி வையுங்கள். என் வண்டியின் டேங்க் 9.8 லிட்டர். இருமல் வந்தது 431-இல் ஒரு முறை, 418-இல் ஒரு முறை, 446-இல் ஒரு முறை. சராசரி எடுக்கக்கூடாது, அதுதான் இங்கே நடக்கும் தவறு. ஆகக் குறைந்ததை எடுத்து, அதிலிருந்தும் கொஞ்சம் கழிக்க வேண்டும். என் எண் 400. மீட்டரில் 400 வந்தால் முள் எங்கே இருந்தாலும், எந்த ஊரில் இருந்தாலும் அடுத்த பங்க்கில் நிற்கிறேன்.

டேப் இல்லாத வண்டிக்கு வழி வேறு. விளக்கு எரிந்ததும் அன்றே ஃபுல் டேங்க் போடுங்கள், எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். 5.3 லிட்டர் டேங்க்கில் 4.1 லிட்டர் பிடித்தால், விளக்கு எரிந்தபோது 1.2 லிட்டர் இருந்திருக்கிறது. இதையும் இரண்டு மூன்று முறை செய்தால் உங்கள் விளக்கின் குணம் தெரிந்துவிடும்.

ஃபுல் டேங்க் என்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஒரு முறை சைடு ஸ்டாண்டில், ஒரு முறை மெயின் ஸ்டாண்டில், ஒரு முறை நாசில் தானாக நின்றதோடு, இன்னொரு முறை "ரவுண்டா போடுங்கண்ணே" என்று வாய்வரை: இப்படிப் போட்டால் கணக்கில் அரை லிட்டர் அங்கேயே தொலைந்துவிடும். மெயின் ஸ்டாண்டு போட்டு, நாசில் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள். வாய்வரை நிரப்புவது வேறு வகையிலும் கெடுதல். வெயிலில் பெட்ரோல் விரியும். விரிய இடம் இல்லையென்றால் மூடி வழியாகக் கசியும்.

மைலேஜ் பார்ப்பதும் ஃபுல் டேங்க்கிலிருந்து ஃபுல் டேங்க் வரைதான். 312 கிலோமீட்டர் ஓடி, மறுபடி நிரப்ப 5.6 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 55 கிலோமீட்டர் சொச்சம். நூறு ரூபாய்க்குப் போட்டு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று பார்ப்பது மைலேஜ் ஆகாது. ஆரம்பத்தில் டேங்க்கில் எவ்வளவு இருந்தது என்பதே தெரியாதே. வண்டி வாங்கும்போது ஷோரூமில் சொன்ன எண்ணை வைத்துக் கணக்குப் போடுவதும் வேண்டாம். அது சோதனைக்கூடத்து எண்.

பழைய எண்ணும் இப்போது உதவாது. நாம் போடும் பெட்ரோலே மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்க்குகளில் வருகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பழைய வகைப் பெட்ரோலுக்காக வடிவமைத்த இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. 400 கிலோமீட்டருக்கு அது 12 முதல் 16 கிலோமீட்டர். ஐந்து வருடத்துக்கு முன் மனதில் பதிந்த "என் வண்டி 430 ஓடும்" என்ற எண்ணை ஒரு முறை புதிதாகச் சரிபார்த்துவிடுங்கள்.

போகும் திசைகூடக் கணக்கை மாற்றும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும்போது, கடலூரிலிருந்து வடக்கே போகிறவருக்கு அது எதிர்க்காற்று. பின்னால் ஒருவரும், டயரில் காற்றுக் குறைவும், புதுச்சேரி மரப்பாலம் சிக்னலில் சனிக்கிழமை மாலை நெரிசலும் சேர்ந்தால் 55 கொடுக்கும் வண்டி 45-க்கு இறங்கிவிடும்.

கிலோமீட்டர் கணக்கும் ஏமாற்றும் நேரம் உண்டு. டேப்பில் கசிவு இருக்கலாம். வெளியே நிறுத்திய வண்டியிலிருந்து யாராவது பெட்ரோலை உருவியிருக்கலாம். ஸ்பீடா மீட்டர் கேபிள் அறுந்து எண் ஓடாமல் இருக்கலாம். அதனால் முள்ளையும் பாருங்கள். கிலோமீட்டர் ஒன்று சொல்லி, முள் வேறொன்று சொன்னால், எது குறைவாகச் சொல்கிறதோ அதை நம்புங்கள். 150-தான் ஓடியிருக்கிறது, முள் கால்வாசிக்கு வந்துவிட்டது என்றால் முதலில் வண்டிக்கடியில் கை வைத்து ஈரம் இருக்கிறதா, வாசனை அடிக்கிறதா என்று பாருங்கள்.

முள்ளோடைக் கணக்கு

இப்போது எல்லைக்கு வருவோம். லிட்டருக்கு 4 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். 5 லிட்டர் போட்டால் 20 ரூபாய். மஞ்சக்குப்பத்திலிருந்து இதற்காகவே போய் வந்தால், போக வர 15 கிலோமீட்டர் என்று வைத்தால், லிட்டருக்கு 50 ஓடும் வண்டி 0.3 லிட்டர் குடித்துவிடும். அது 30 ரூபாய்க்குப் பக்கம். பெட்ரோல் போடுவதற்காக மட்டும் எல்லைக்குப் போவது நஷ்டம். தினமும் வேலைக்குப் புதுச்சேரி போகிறவருக்கு லாபம்தான், நானும் அங்கேதான் போடுகிறேன். ஆனால் லாபம் நிற்பது, அங்கே போய்ச் சேரும் அளவுக்கு டேங்க்கில் இருந்தால்தான். சந்தேகம் வந்தால் கடலூரிலேயே ஒரு லிட்டர் போட்டுக்கொள்ளுங்கள். அதில் நாம் இழப்பது அந்த 4 ரூபாய்.

வழியில் நின்றால் யாராவது பாட்டிலில் வாங்கி வந்து தருவார்கள் என்ற நினைப்பும் பழையது. பாட்டிலில் பெட்ரோல் தர இப்போது பங்க்குகளில் மறுத்துவிடுகிறார்கள், அது சரியும்கூட. பின்னால் வரும் வண்டிக்காரர் ஃபுட்ரெஸ்டில் கால் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதைப் பாலத்திலும் நான்குவழிச் சாலையிலும் பார்க்கிறேன். இரண்டு பேரின் உயிரும் அந்த ஒரு காலில் இருக்கிறது. நான்குவழிச் சாலையில் இன்னொன்றும் உண்டு: எதிர்ப்பக்கம் பங்க் தெரியும், நடுவில் தடுப்பு இருக்கும், திரும்ப இடம் வெகுதூரத்தில் இருக்கும். ஊர்களுக்குள் போகும் பழைய சாலையை வைத்துப் பழகிய கணக்கு அங்கே செல்லாது. சிதம்பரம் பக்கமோ விழுப்புரம் பக்கமோ அந்தச் சாலையில் போகிறவர்கள் ஊரைத் தாண்டும் முன்பே போட்டுவிடுங்கள்.

புதுச்சேரியில் வாடகைக்கு ஸ்கூட்டர் எடுக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். பலசமயம் பக்கத்து பங்க் வரை போகும் அளவுதான் அதில் இருக்கும். அந்த வண்டியின் முள் எப்படிப்பட்டது என்பதும் உங்களுக்குத் தெரியாது. காலாப்பட்டு, மரக்காணம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பும் முன் இரண்டு லிட்டராவது போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் இருந்தும் நிற்கும் வண்டி

எல்லா நிற்றலும் பெட்ரோல் தீர்ந்ததால் அல்ல. டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளி ஓட்டை உண்டு. தூசியோ துருவோ அதை அடைத்துவிட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று இல்லாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வண்டி ரிசர்வ் வந்தது போலவே இருமி நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் கிளம்பும், மறுபடி நிற்கும். மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் காரணம் அதுதான். மூடியைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது.

மழைக்காலத்தில் தண்ணீர். மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீர் வடிய ஒரு வழி இருக்கும். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமென்பதால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடிக்குப் போய்விடும். ரிசர்வ் ஓட்டை இருப்பதும் அதே அடியில்தான். அதனால் ஆன் நிலையில் நன்றாக ஓடிய வண்டி, ரிசர்வுக்குத் திருப்பியதும் திக்கித் திக்கி நிற்கும். மாதக்கணக்கில் ரிசர்வைத் தொடாமல் இருப்பவர்களுக்கும் அடியில் சேர்ந்த கசடால் இப்படி ஆகலாம். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை டேப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

நம் கடற்கரையில் புயலை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் வந்தபோதும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோதும் அதன் பின்னான நாட்கள் எப்படி இருந்தன என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பங்க்கின் பம்ப் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உள்ள பங்க்கில் மட்டும் வரிசை நிற்கும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் வண்டியை ரிசர்வில் விட்டு வைக்காதீர்கள். டேங்க்கை நிரப்பி, மூடிமேல் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கட்டி, தண்ணீர் ஏறாத இடத்தில் நிறுத்துங்கள்.

வீட்டுக்கு ஒரே வண்டி என்றால்

கடைசியாக ஒன்று. இதைத் தவறு என்று யாரும் நினைப்பதே இல்லை. ஒரு வண்டியை மூன்று பேர் ஓட்டுகிற வீடுகள் நம் ஊரில் ஏராளம். தம்பி ராத்திரி ரிசர்வில் கொண்டுவந்து நிறுத்துவான், காலையில் அக்கா எடுத்துக்கொண்டு போவாள். இருமலை வாங்கியவர் ஒருவர், பாதி வழியில் நிற்பவர் இன்னொருவர். யார் ரிசர்வுக்குத் திருப்பினார் என்ற பேச்சு சாயங்காலம் வரை ஓடும். ஜிப்மர் போன அன்று எங்கள் வீட்டிலும் ஓடியது.

இப்போது சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சிலேட்டைத் தொங்கவிட்டிருக்கிறோம். வண்டியைக் கொண்டுவந்து விடுகிறவர் ட்ரிப் மீட்டரில் உள்ள எண்ணை அதில் எழுத வேண்டும். டேப் ரிசர்வில் இருந்தால் பக்கத்தில் ஒரு 'ரி'. வண்டியே ஓட்டாத அம்மாதான் அதைத் தினமும் படிப்பவர். நேற்று இரவு 388 என்று இருந்தது. "காலைல முதல்ல பங்க்குக்குப் போ" என்று, நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சொல்லிவிட்டார்.